மூக்குக்கும் பாடம் வேண்டும்

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் பன்னிரண்டு கோப்பை வட்டிலப்பம் வீணானது. முந்தின இரவு பிழிந்து வைத்த தேங்காய்ப்பால் புளித்துப் போயிருந்தது. அதிலேயே முட்டையும் கருப்பட்டியும் ஏலமும் கலந்து அவித்துவிட்டார் உம்மா. மூடியைத் திறந்ததும் அடுத்த வீட்டு மாமியின் முகம் சுருங்கியது. குசினிக்குள் வந்த எனக்கும் வாசலிலேயே தெரிந்துவிட்டது. உம்மா மட்டும் ஒன்றும் நடக்காதது போல அடுத்த கோப்பைக்கு முந்திரிப்பருப்பு தூவிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் ஓடர் எடுத்து நாலு காசு சம்பாதிப்பவர் அவர். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. மாமிக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்: "ஒங்களுக்கு மூக்கு இல்லையா உம்மா?"

அன்று இரவு, எல்லோரும் படுத்த பிறகு, அவர் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "இல்ல மகள். ரெண்டு வருஷமா இல்ல" என்றார்.

2021 ஆகஸ்ட் மாதத்தில், நாடு மறுபடியும் முடக்கப்பட்ட நாட்களில், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. எங்கள் எல்லோருக்கும் போன மணம் இரண்டு மூன்று கிழமையில் திரும்பி வந்தது. உம்மாவுக்கு வரவில்லை. "மணக்குதா?" என்று யார் கேட்டாலும் "ஓ, மணக்குது" என்று சொல்லியே இரண்டு வருடங்களைக் கடத்தியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொரோனா வந்து எத்தனையோ பேர் மௌத்தாகிப் போனார்கள், மூக்கைப் பற்றிப் போய் எப்படிப் பேசுவது என்றார். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

கண் தெரியாதவருக்கு நாம் கை கொடுக்கிறோம். காது கேளாதவரிடம் சத்தமாகப் பேசுகிறோம். மணம் தெரியாதவரைக் கண்டால் சிரிக்கிறோம். மூக்கை ஒரு புலனாகவே நாம் மதிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் மணத்தை மதிக்காத சமூகமா நம்முடையது? பெருநாளில் அத்தர் பூசாமல் ஆண்கள் பள்ளிக்குப் போவதில்லை. கலியாண வீட்டில் பன்னீர் இல்லாமல் இருக்காது. தூரத்தில் இருந்த மகனின் வாசம் தமக்கு வருகிறது என்று யஃகூப் நபி சொன்ன வரலாற்றைச் சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்தார்கள். பச்சைப்பிள்ளையின் தலையை முகர்ந்து பார்க்காத உம்மா யார்? என் தம்பி 2022இல்தான் பிறந்தான். அவனுடைய மணம் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்று உம்மா அன்று இரவு சொன்னபோதுதான், இது கறி தீய்ந்து போகும் கதை மட்டும் அல்ல என்பது எனக்கு விளங்கியது.

உயிரியல் படிக்கும் பிள்ளை என்ற உரிமையில் கொஞ்சம் விளக்கம் சொல்கிறேன். மூக்கின் மேற்கூரையில், தபால் முத்திரை அளவான ஒரு படலத்தில் மணநரம்புக் கலங்கள் இருக்கின்றன. மனிதரில் இவற்றில் சுமார் 400 வகை வாங்கிகள் உண்டு. இவற்றின் மரபணுக்களை லின்டா பக், ரிச்சட் அக்செல் என்ற இருவர் 1991இல் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு வாசனைக்கு ஒரு வாங்கி என்பதல்ல கணக்கு. பல வாங்கிகள் சேர்ந்து எழுப்பும் கோலத்தைத்தான் மூளை 'இது கறுவா', 'இது மல்லிகை' என்று வாசிக்கிறது. கொரோனா வைரசு பெரும்பாலும் இந்த நரம்புக் கலங்களைத் தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணைக் கலங்களைத்தான் தாக்குகிறது. தூண் விழுந்தால் கூரைக்கும் சேதம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. உடம்பின் மற்ற நரம்புக் கலங்களில் பெரும்பாலானவை போல் அல்லாமல், மணநரம்புக் கலங்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைக்கக்கூடியவை.

ஆனால் முளைத்து வருபவை எப்போதும் சரியான இடத்தில் போய்ச் சேர்வதில்லை. மணம் போய் மூன்று மாதத்தில் உம்மாவுக்கு ஏதோ திரும்பி வரத்தான் செய்தது. வந்தது கோப்பியின் மணம். ஆனால் அது கோப்பி மணமாக வரவில்லை. இறப்பர் எரிவது போலவும் குப்பை போலவும் இருந்ததாம். பிறகு வெங்காயம் தாளிப்பது, கோழி பொரிப்பது, முட்டை எல்லாம் அப்படியே நாறத் தொடங்கின. இப்படி மணம் திரிந்து போவதும் நோயின் ஒரு கட்டமே. நரம்பு திரும்ப முளைப்பதன் அடையாளமாகவும் இதைச் சொல்கிறார்கள். கோப்பியை வறுக்கும்போது உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மம் இதைத் தூண்டுகிறது என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்போது எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளி வைக்கும் உம்மாவை வாப்பா "சும்மா நடிக்கிற" என்று சொல்லியிருக்கிறார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

வைத்தியரிடம் போகாமல் இல்லை. ஒரு தடவை போனார். பிரச்சினையைக் கேட்ட வைத்தியர், தைலத்தை முகர்ந்தால் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றார் உம்மா. அப்படியானால் பயமில்லை, தானாக வரும் என்று அனுப்பிவிட்டார். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தைலத்தின் குளிர்ச்சியையும், வெங்காயத்தின் எரிவையும், மிளகாய்ப்புகையின் நெடியையும் உணர்வது மண நரம்பு அல்ல. முகத்துக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பு. மணம் முழுவதும் போன ஒருவருக்கும் தைலம் மூக்கில் 'ஏறும்'. நாக்கின் கதையும் அப்படித்தான். அதற்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்றவற்றின் உமாமி ஆகிய ஐந்தே. மீதிச் சுவை முழுவதும் வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் மணத்தால் வருவது. உம்மாவின் கறியில் அந்த இரண்டு வருடங்களும் உப்புக் கூடியிருந்ததன் காரணம் இதுதான். சுவை தெரியாதவர் உப்பைத்தானே தேடுவார்.

இனி ஆபத்தைப் பற்றி. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகல் நாற்றமுள்ள ஒரு கந்தகச் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். அந்த மாதங்களில் 'கேஸ் மணந்தால் உடனே மூடுங்கள்' என்றே எல்லோரும் சொன்னார்கள். மணக்காதவர் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. உம்மா காலையில் தனியாக எழுந்து, தனியாக அடுப்புப் பற்ற வைத்த நாட்கள் அவை. 2022இல் கேஸ் இல்லாமல் விறகுக்கு மாறியபோது, மனதுக்குள் சந்தோஷப்பட்டதாகப் பிறகு சொன்னார். கேஸ் தட்டுப்பாட்டால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் கண்டியில் அவராகத்தான் இருக்கும்.

மணப் பயிற்சி என்ற ஒன்று இருப்பதை எங்களுக்குச் சொன்னவர் லண்டனில் இருக்கும் சாச்சி. ஜேர்மனியில் டிரெஸ்டன் நகரிலுள்ள தோமஸ் ஹம்மெல் என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலிருந்து அது பரவியது. வைரசுத் தொற்றாலோ தலையில் அடிபட்டோ காரணம் தெரியாமலோ மணம் இழந்த 40 பேரை, காலையும் மாலையும் நான்கு வாசனைகளை முகர வைத்தார்கள். ரோசா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு. பன்னிரண்டு கிழமைகள். பயிற்சி செய்யாத 16 பேர் இருந்த இடத்திலேயே இருக்க, செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஏன் இந்த நான்கு? ஹான்ஸ் ஹென்னிங் என்ற ஜேர்மனியர் 1916இல் வாசனைகளை வகை பிரித்திருந்தார். பூ, பிசின், பழம், வாசனைத் திரவியம் என்ற அவருடைய வகைகளுக்கு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் காலத்தை நீட்டின. சில மாதங்களுக்கு ஒரு முறை வாசனைகளை மாற்றினால் நல்லது என்றும் காட்டின.

சாச்சி இதைச் சொன்னபோது உம்மா சிரித்தார். "கராம்ப மணக்கிறதுக்கு ஜேர்மனியால ஆள் வரணுமா?" என்றார். நியாயம்தான். இலங்கையின் கராம்பு பெரும்பாலும் நமது கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்து மரங்களில்தான் காய்க்கிறது. கண்டிச் சந்தையில் வெள்ளைக்காரர்கள் பைபையாக வாங்கிப் போவது அதைத்தான். அங்கே சிறு போத்தலில் விலை கொடுத்து வாங்க வேண்டியது நமக்கு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிறது.

நாங்கள் செய்தது இதுதான். மருந்து வந்த நான்கு சிறிய கண்ணாடிப் போத்தல்களைக் கழுவிக் காய வைத்தோம். ஒன்றில் இடித்த கராம்பு. ஒன்றில் தேசிக்காய்த் தோல். அதை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒன்றில் பஞ்சில் விட்ட யூகலிப்டஸ் எண்ணெய், இரண்டு சொட்டு. நான்காவதற்குப் பன்னீர் வைத்தோம். அது போதிய அளவு கடுமையாக இல்லை என்று பிறகு ரோசா அத்தருக்கு மாறினோம். ஸுபஹ் தொழுகைக்குப் பிறகு ஒரு முறை, இஷாவுக்குப் பிறகு ஒரு முறை. ஒவ்வொரு போத்தலையும் மூக்கருகே பிடித்து, சுமார் இருபது விநாடிகள், ஆழ இழுக்காமல் முயல் முகர்வது போலச் சிறிது சிறிதாக. அடுத்த போத்தலுக்கு முன் சற்று ஓய்வு. முகரும்போது அந்தப் பொருளின் பழைய மணத்தை நினைவுக்குக் கொண்டுவர முயல வேண்டும். இதுதான் மிகவும் கஷ்டம் என்றார் உம்மா. இல்லாத ஒன்றை நினைத்துக்கொண்டு இருபது விநாடி இருப்பது நீண்ட நேரமாம்.

இதைப் படித்துவிட்டுச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: எண்ணெயை மூக்குக்குள் விடக் கூடாது, தோலிலும் பூசக் கூடாது. கராம்பு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். யூகலிப்டஸ் எண்ணெயைக் குடித்தால் பிள்ளைகளுக்கு நஞ்சு. தைலத்தை இந்தப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். அது ஏன் ஏமாற்றும் என்று மேலே சொன்னேன்.

முதல் ஏழு கிழமை ஒன்றுமில்லை. வாப்பா ஒன்றும் பேசவில்லை. தம்பி போத்தல் மூடியைக் கடித்தான். நான் ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி போட்டு நான்கு கட்டம் கீறினேன். உம்மா ஒவ்வொரு நாளும் நான்கிலும் 'இல்லை' எழுதினார். எட்டாவது கிழமையில் ஒரு நாள் கராம்புக் கட்டத்தில் 'பல் டொக்டர்' என்று எழுதியிருந்தது. கராம்பிலுள்ள இயூஜினோல் பல் வைத்தியத்தில் பயன்படும் பொருள் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குக் கராம்பு கராம்பாக மணக்கவில்லை. எப்போதோ பல் பிடுங்கிய இடமாக மணந்தது. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணையைச் சொல்ல வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்: தானாக வர வேண்டியது தானாக வந்திருக்கலாமே, போத்தலால் வந்தது என்று எப்படிச் சொல்வாய்? சொல்ல முடியாது. மணம் போனவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தானாகவே திரும்புகிறது. 2022இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, நூற்றுக்குச் சுமார் 5.6 பேருக்கே அது நீடிக்கும் என்று மதிப்பிட்டது. பயிற்சி செய்தும் பயன் பெறாதவர்கள் உண்டு. இரண்டு வருடம் பிந்தித் தொடங்கிய உம்மாவைப் போன்றவர்களைவிட, முதல் வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கே பலன் அதிகம் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. இது அற்புத மருந்து அல்ல. அற்புத மருந்தை நாம் கண்டிருக்கிறோம்: 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நின்றார்கள். அதே காலத்தில் தோடம்பழத்தைக் கரியச் சுட்டுச் சீனி போட்டுத் தின்றால் மணம் வரும் என்று கைத்தொலைபேசிகளில் ஒரு வீடியோவும் சுற்றியது. அவசரமாகக் குணமாக வேண்டும் என்றால் ஏமாற்றுபவனுக்குத்தான் இலாபம். செலவில்லாத, பக்க விளைவு மிகக் குறைந்த, ஆனால் மாதக் கணக்கில் பொறுமை கேட்கும் ஒன்றைச் செய்யத்தான் ஆளில்லை.

இன்னொன்றும் சொல்வேன்; இதை எந்த ஆய்விலும் நான் படிக்கவில்லை. போத்தல்களைவிட, ஒரு நாளைக்கு இரண்டு முறை யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "இன்றைக்கு எப்படி?" என்று கேட்டதே உம்மாவைத் தெளிய வைத்தது. அவர் பொய் சொல்வதை நிறுத்தினார். பால் பழுதா என்று தம்பியின் போத்தலை என்னிடம் நீட்டிக் கேட்டார். குளிரூட்டியில் வைக்கும் எல்லாவற்றுக்கும் திகதி ஒட்டினோம். கேஸ் சிலிண்டரை இரவில் மூடுவது வாப்பாவின் பொறுப்பானது. அடுப்பில் கறி இருக்கும்போது உம்மா குசினியை விட்டு நகர்வதில்லை. நகர்ந்தால் என் கைத்தொலைபேசியில் மணி அடிக்கும்படி வைத்துவிட்டுப் போவார். இவற்றுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. இரண்டு வருடம் முன்னதாகவே செய்திருக்கலாம்.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்கு மணம் தெரியவில்லை என்றால் அதைச் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். குறிப்பாக, சமையலைப் பெண்ணின் மதிப்பாக வைத்திருக்கும் நம் வீடுகளில் மூக்கை இழந்த பெண் தன் மதிப்பையே இழந்ததாக நினைக்கிறாள், அதனால் மறைக்கிறாள். தடிமன் மாறியும் ஒரு மாதத்துக்கு மேல் மணம் திரும்பாவிட்டால், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாம் வைரசால் வருவதில்லை. மூக்குக்குள் வளரும் சதை, தலையில் அடி, வயதானவர்களில் பார்க்கின்சன் நோயின் ஆரம்பம் என்று வேறு காரணங்களும் உண்டு. பயிற்சி அதற்குப் பிறகு.

தோழிகளே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. மணத்தைச் சோதிக்க அமெரிக்காவில் 1980களில் உருவான பிரபலமான சோதனை ஒன்றில் 40 வாசனைகள் உண்டு. அதில் ரூட் பியர் என்ற குளிர்பானமும் இருக்கிறது. நம் உம்மும்மாவிடம் அதைக் கொடுத்தால் மூக்கு நன்றாக இருந்தும் தோற்றுப் போவார். கல்லூரியின் விஞ்ஞான மன்றம் அடுத்த கண்காட்சியில் நம் மணங்களை வைத்து ஒரு மேசை போடட்டும்: கறுவா, ரம்பை, கொறக்கா, மாசி, சாம்பிராணி, மழை பெய்த மண். கண்ணைக் கட்டிக்கொண்டு எத்தனை பேர் எத்தனையைச் சரியாகச் சொல்கிறார்கள் பார்ப்போம். பார்க்க வரும் உம்மாமார்களில் யாராவது ஒருவர் எல்லாவற்றிலும் பிழை விட்டால், சிரிக்காமல் அவர் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைப்போம்.

உம்மாவின் கொப்பி இப்போது மூன்றாவது. கராம்பு கராம்பாகவே மணக்கிறது. தேசிக்காய் 'ஏதோ புளி' என்ற அளவில் நிற்கிறது. ரோசா வந்துவிட்டுப் போனது. யூகலிப்டஸ் குளிர்கிறதே தவிர மணக்கவில்லை. இப்போது கறுவா, ஏலம், இஞ்சி, மல்லிகை என்று புதிய நான்கைத் தொடங்கியிருக்கிறோம். ஏலம் தெரிந்துவிட்டால் மறுபடியும் ஓடர் எடுப்பேன் என்கிறார். சென்ற கிழமை தம்பியைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டு அவன் உச்சந்தலையில் மூக்கை வைத்து நெடுநேரம் இருந்தார். என்ன மணம் என்று நான் கேட்கவில்லை. கோப்பி மட்டும் இன்னும் நாறுகிறதாம். வாப்பா தன் கோப்பியைப் பின் விறாந்தைக்குக் கொண்டுபோய்த்தான் குடிக்கிறார், மழை நாட்களிலும்.